கல் மாதிரி

ஜனவரி 2

அம்மை போட்டிருக்கிறது. நாற்பத்திரண்டு வயதில்! டாக்டர் பெண் என் முதுகைப் பார்த்துவிட்டுச் சிரித்தேவிட்டாள். வெளியே போகக் கூடாது, கம்ப்யூட்டர் முன்னால் உட்காரக் கூடாது, சொறியக் கூடாது. கடைசியில் சொன்னதுதான் முடியாத காரியம். கை சும்மா இருந்தால் தானாக முதுகுக்குப் போய்விடுகிறது. அதற்கு ஒரு வேலை வேண்டுமே என்றுதான் இந்த நோட்டு.

என் வேலை படகுக்குக் கணக்குப் போடுவது. கட்டுவது யார்டுக்காரர்கள். எங்கே எவ்வளவு எடை இருந்தால் படகு நிமிர்ந்து நிற்கும், எவ்வளவு சாய்ந்தால் திரும்பி வரும், எதற்குமேல் வராது என்று வரைந்து, கணக்குப் போட்டுக் கையெழுத்துப் போடுவது நான். மாடியில் ஓர் அறை, பெரிய திரை ஒன்று, வாசலில் 'ஜெனோவா மரைன் டிசைன்' என்று போர்டு. ஆபீஸ் அவ்வளவுதான்.

இப்போது கையிலிருப்பது 'மயூரி'. புதுச்சேரியில் ஓட்டல் வைத்திருக்கும் தேவநாதனின் உல்லாசப் படகு. இங்கே தூத்துக்குடியில் சுயம்புலிங்கம் அண்ணாச்சி யார்டில் தண்ணீரில் இறக்கியாகிவிட்டது. மேல்தளம்தான் பாக்கி. அங்கே தரையெல்லாம் கல் பதிக்க வேண்டும் என்று தேவநாதன் ஒற்றைக்காலில் நின்றார். படகின் தலையில் கல்லைத் தூக்கி வைக்க முடியாது என்று நான் மல்லுக்கட்டி, பார்வைக்குக் கல்லாகவும் தூக்கினால் அட்டையாகவும் இருக்கும் ஒரு ஷீட்டுக்கு அவரைச் சம்மதிக்க வைத்தேன். மேலே தாள் கனத்துக்குக் கல், உள்ளே வெறும் நுரை.

இன்று அண்ணாச்சி போனில் கூப்பிட்டார்.

"மேடம், நீங்க இந்தப் பக்கம் வந்துராதிய. எங்க ஆளுவளுக்கு ஒட்டிக்கிட்டா பொங்கலுக்குள்ள வேல முடியாது. மேல்தளத்துக்கு என்ன போட?"

"பெங்களூர்ல சொல்லியிருக்கேன் அண்ணாச்சி. கல் மாதிரி வரும். அதையே போட்டிருங்க."

"கல் மாதிரி. சரி மேடம்."

டெரன்ஸைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். என் வீட்டுக்காரர். கப்பலில் இருந்தவர், இப்போது புதுப் படகுகளை யார்டிலிருந்து முதலாளிகளின் ஊருக்கு ஓட்டிக்கொண்டு போய் விடுகிறார். நான் கணக்குப் போட்ட படகை அவர் ஓட்டக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அப்படியிருக்க, எனக்குத் தெரியாமல் 'மயூரி'யை ஒத்துக்கொண்டிருக்கிறார். கிறிஸ்துமஸிலிருந்து பேச்சு இல்லை. இது தொழில் சம்பந்தப்பட்ட விஷயம். வேறொன்றுமில்லை.

ஜனவரி 4

அரிப்பு. அரிப்பு. அரிப்பு.

ஜனவரி 6

பேச்சு இல்லை என்றால் முழுக்க இல்லை என்று அர்த்தமில்லை. எங்கள் வீட்டில் சுவரோடு பேசுவோம். "இளநி வெட்டி வச்சிருக்கு" என்று வாசல் நிலையைப் பார்த்து அவர் சொல்வார். "குடிச்சாச்சு" என்று நான் மின்விசிறியைப் பார்த்துச் சொல்வேன். அவருக்குக் கோபம் வந்தால் திரும்பி வர மாதக்கணக்காகும். எனக்குச் சட்டென்று வரும், சட்டென்று போய்விடும். இந்தத் தடவை மட்டும் போகவில்லை.

வேப்பிலை தினமும் புதிதாக வருகிறது. எங்கே போய்ப் பறிக்கிறாரோ, கேட்கவில்லை.

அண்ணாச்சி போன்: "கல் மாதிரி வந்துருச்சு மேடம். முதலாளியும் வீடியோவுல பாத்து ஓகே சொல்லிட்டாக." பெங்களூர்க்காரர்கள் முதலில் ஒரு சின்னத் துண்டு அனுப்புவார்கள், பிறகுதான் முழுச் சரக்கு வரும். சரி, ஒரு தலைவலி தீர்ந்தது.

ஜனவரி 9

மேல்தளம் முடிந்துவிட்டதாம். இவ்வளவு சீக்கிரம் சரக்கு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. யார்டிலிருந்து போட்டோ வந்தது. சுத்தமான வேலை. கறுப்பில் வெள்ளை வரி ஓடும் தரை, பார் மேடை, நடுவில் தொங்கும் பித்தளை விளக்கு. ஒரு படத்தில் இரண்டு பேர் ஒரு பலகையை முதுகு வளையத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அட்டையைத் தூக்க இரண்டு ஆள்! அண்ணாச்சி இவர்களுக்கு முதலில் சோறு போட வேண்டும்.

இன்னொரு படத்தில் படகின் பக்கத்தில் தண்ணீருக்கு மேல் தெரியும் சிவப்புப் பட்டை கொஞ்சம் ஒல்லியாக, படகு அமிழ்ந்த மாதிரி இருக்கிறதோ என்று தோன்றியது. கேட்டேன். தண்ணீர்த் தொட்டி நிறைத்திருக்கிறார்களாம்.

ஜனவரி 11

இன்று கடலில் ஓட்டிப் பார்த்தார்கள். டெரன்ஸ் ஓட்டினார். தேவநாதன் மேல்தளத்தில் நின்று வீடியோ எடுத்து எனக்கு அனுப்பிவிட்டுப் போனும் பண்ணினார்.

"மேடம், ஊஞ்சல் மாதிரி ஆடுது மேடம்! என்னோட பழைய போட்டு படபடன்னு உதறும். இது சும்மா தாலாட்டுற மாதிரி. கை குடுங்க!"

நன்றி சொல்லிவிட்டு வீடியோவைத் திறந்தேன். பித்தளை விளக்கு மெதுவாக அந்தப் பக்கம் போனது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு மெதுவாக இந்தப் பக்கம் வந்தது. நான் அதோடு சேர்ந்து மூச்சு விட்டுப் பார்த்தேன். அது போய்த் திரும்புவதற்குள் நிதானமாக இரண்டு மூச்சு விட முடிந்தது. என் கணக்குப்படி ஒரு மூச்சுக்கு மேல் ஆகக் கூடாது.

எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்ளும் விஷயம் இது. வெடுக்வெடுக்கென்று ஆடும் படகில் குடல் புரளும், உயிருக்கு ஒன்றும் ஆகாது. ஆசையாகத் தாலாட்டுகிற படகுதான் ஆபத்து. அதை இழுத்து நிமிர்த்த அடியில் போதுமான பலம் இல்லை. அது மெதுவாகத் திரும்பவில்லை, திரும்பலாமா வேண்டாமா என்று யோசிக்கிறது.

வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன் என்று தெரியவில்லை. கடைசியில் விளக்கைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஓரத்தில் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீலச் சட்டை. காலர் கிழிந்திருக்கிறது. அதைத் தூக்கிப் போடச் சொல்லி ஒரு வருஷமாகிறது.

ஜனவரி 12

டாக்டர் பேச்சை மீறி முழு நாளும் திரை முன்னால் இருந்தேன். எஞ்சின், தொட்டி, ஏணி, குளிர்சாதனம், நாற்காலி ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தேன். சாய்வுச் சோதனையின் கணக்கையும் பார்த்தேன். அது நானே நேரில் நின்று, எடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி வைத்துச் செய்தது. ஆனால் அப்போது மேல்தளம் மொட்டையாக இருந்தது. எதிலும் பிழை இல்லை. பிழை இருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். எங்கே இருக்கிறது என்று தெரியாத பிழை இருட்டில் பாம்பு இருக்கிற அறை மாதிரி.

அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். பொங்கலுக்கு யார்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். "எல்லாம் நீங்க சொன்னபடிதான் மேடம். அம்மை கண்ட உடம்பு, ரெஸ்ட் எடுங்க" என்றார்.

தேவநாதனைக் கூப்பிட்டேன். இரண்டு நாள் தள்ளிப் போடலாமா என்றேன். அவர் குடும்பத்தோடு பாம்பனுக்கு வருகிறாராம். ரயில் பாலம் திறக்கும்வரை படகு அங்கே நங்கூரம் போட்டு நிற்குமே, பொங்கலன்று மேல்தளத்தில் எல்லோருக்கும் விருந்தாம். "நல்ல நாளும் அதுவுமா என்ன மேடம்?" என்று சிரித்தார்.

சொல்ல வேண்டிய ஆள் பக்கத்து அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். ஆதாரம் இல்லாமல் போய் என்ன சொல்வது? சண்டையை மனதில் வைத்துத் தடுக்கிறேன் என்றுதான் நினைப்பார். கதவருகில் வந்து நிலையைப் பார்த்து, "படகு கொஞ்சம் சொகுசாத்தான் ஆடுது" என்றார். கேள்வி மாதிரி இருந்தது.

"ம்" என்றேன்.

தூக்கம் வரவில்லை. மாத்திரை சேரவில்லை போலிருக்கிறது.

ஜனவரி 13

விடியுமுன் கிளம்பிவிட்டார். கதவருகே நின்று, "போயிட்டு வரலாம்னு இருக்கு" என்று சுவரிடம் சொன்னார். "கதவைச் சாத்திட்டுப் போகலாம்" என்று நான் சொன்னேன். அதைத்தான் சொன்னேன். அதை மட்டும்தான் சொன்னேன்.

காலையில் பெங்களூரிலிருந்து போன். "மேடம், உங்க ஷீட்டெல்லாம் ரெடி. பொங்கல் லீவு முடிஞ்சதும் லாரி ஏத்திரலாமா?"

"எந்த ஷீட்டு?"

"மயூரி போட்டுக்கு, கல் ஷீட்டு. மாதிரி மட்டும்தானே போன வாரம் அனுப்பினோம்?"

போனை வைத்தேன். பிறகு அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். அவசரத்தில் இரண்டு தடவை தப்பான எண்ணுக்குப் போனது.

"அண்ணாச்சி, மேல்தளத்துல என்ன போட்டிய?"

"நீங்க சொன்னதுதான் மேடம். கல் மாதிரி வந்துச்சு. அதே கலரு, அதே வரி. நம்ம பைபாஸ் கடையில அதுக்கு அப்படியே ஒத்துப்போற கல்லு கிடந்துச்சு. மாதிரிய பக்கத்துல வச்சுப் பாத்தா ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியல. எடுத்துப் பதிச்சாச்சு."

"நிஜக் கல்லையா?"

"கல் மாதிரின்னா கல்லுக்கு மாதிரிதான மேடம்? மாதிரியப் பாத்துத்தான கல்லு எடுப்பாக?"

"கல் *மாதிரி* அண்ணாச்சி! கல்லு இல்ல, கல்லு மாதிரி!"

"அதத்தான் நானும் சொல்லுதேன், கல் மாதிரி…" என்றவர் அப்படியே நின்றுபோனார். "ஏசுவே" என்று நானும், "முருகா" என்று அவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

ஒன்றரை டன்னுக்குக் குறையாது. படகின் உச்சந்தலையில். இரண்டு ஆள் முதுகு வளையத் தூக்கியது கண்ணுக்கு முன்னால் இருந்தது, நான் சோற்றைப் பற்றிக் கிண்டல் எழுதினேன்.

டெரன்ஸுக்கு லைன் கிடைக்கவில்லை. கரையை விட்டு விலகிப் போயிருப்பார்.

பயமாக இருக்கிறது. மாத்திரை இல்லை, அரிப்பு இல்லை. பயம்.

அதே நாள், சாயங்காலம்

அவரே கூப்பிட்டார். பாம்பன் வந்து நங்கூரம் போட்டாயிற்றாம். நான் 'ஏங்க' என்றேன். எத்தனை நாளைக்குப் பிறகு சுவர் இல்லாமல் பேசுகிறோம்! கல்லைச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"ஜெனோ, மண்டபத்துக்கிட்டத் திருப்பும்போது ஒருக்கா சாஞ்சுச்சு. சாஞ்ச எடத்துலயே நின்னுச்சு. அதுக்கு வர மனசில்லாத மாதிரி. பெறகு வந்துச்சு. கூட வந்த பசங்ககிட்டச் சொல்லல."

இத்தனைக்கும் பாம்பனுக்கு இந்தப் பக்கம் கடல் அமைதி. அந்தப் பக்கம் பாக் நீரிணையில் வாடைக் காற்று அடித்துத் தள்ளுகிறது. பாலத்தைத் தாண்டினால் என்ன ஆகும் என்று இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை.

"நாளைக்கு முதலாளி குடும்பமே மேல ஏறும். நான் சொன்னா நம்ப மாட்டாரு. படகு அவரோடது" என்றார்.

"ஏணிய அடைச்சு வைங்க. பெயின்ட் காயலைன்னு சொல்லுங்க. நான் வர்றேன்."

"இந்த ஒடம்போடவா?"

"பொருக்கு உதிர ஆரம்பிச்சிருச்சு. இனி யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டரும் சொல்லியாச்சு." தலைக்குத் தண்ணீர் ஊற்றவில்லை என்பது மட்டும் பாக்கி. அதைச் சொல்லவில்லை.

ஜனவரி 14

கார் பிடித்து வந்தேன். வழிநெடுக வாசல்களில் கோலம், கரும்பு. டிரைவர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஜன்னலை இறக்கிவிட்டார். துப்பட்டாவால் கண் தவிர எல்லாவற்றையும் மூடிக்கொண்டேன்.

கரையிலிருந்தே தெரிந்தது. ஏணியைத் திறந்துவிட்டார்கள். மேல்தளம் முழுக்கப் பட்டுச் சேலைகள், குழந்தைகள். டெரன்ஸ் ஏணி அடியில் நின்று தேவநாதனோடு வாதாடிக்கொண்டிருந்தார். மீன்காரர் ஒருவரின் ஃபைபர் படகில் ஏறிப் போனேன். ஏறும்போது டெரன்ஸ் கை கொடுத்தார். அந்தக் கையை விட மனமில்லை, விட்டேன்.

தேவநாதனிடம் சொன்னேன். கல், எடை, விளக்கு, மூச்சு எல்லாம்.

"மேடம், நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

"இந்தக் கல்லுக்குப் போடல சார். எல்லாரையும் கீழ இறக்குங்க. நிக்கிற படகுதானேன்னு நினைக்காதீங்க. எல்லாரும் ஒரு பக்கமா வந்தா சாஞ்சிரும்."

"பொங்கல் அன்னிக்கு இப்படிப் பேசுறீங்களே! அரை மணில ரயில் வரும், பசங்க அதைப் பாக்கத்தான் வந்திருக்காங்க."

ரயில். அதை நான் யோசிக்கவே இல்லை. பாலத்தில் ரயில் வந்தால் அத்தனை பேரும் பாலத்துப் பக்கம் ஓடுவார்கள். டெரன்ஸ் என்னைப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது.

கணக்கைச் சொல்லி யாரையும் இறக்க முடியாது என்று புரிந்தது. மேலே ஏறினேன். தளத்தின் நடுவில் நின்று துப்பட்டாவை எடுத்தேன்.

"எனக்கு அம்மை போட்டிருக்கு. இன்னும் தலைக்குத் தண்ணி ஊத்தல. குழந்தைங்க இருக்கு, கீழ போயிருங்க."

ஒரு அம்மா பிள்ளையை இடுப்பில் தூக்கினாள். ஒருவர் சட்டென்று செருப்பைக் கழற்றி என்னைக் கும்பிட்டுவிட்டு இறங்கினார். "தாயே" என்றுகூட யாரோ சொன்னார்கள். ஓடாமல் இறங்குங்கள் என்று டெரன்ஸ் அடியில் நின்று ஒவ்வொரு பிள்ளையாக வாங்கிக்கொண்டார். பெண்களும் குழந்தைகளும் போய்விட்டார்கள். தேவநாதனும் அவர் வயது ஆண்கள் சிலரும் மட்டும் வீம்புக்கு நின்றார்கள்.

அப்போது ரயில் வந்தது.

யாரோ "அதோ!" என்றார்கள். அந்தச் சில பேர்தான், நாலு எட்டு வைத்துக் கைப்பிடிக் கம்பிக்குப் போனார்கள். படகும் அவர்களோடு போனது. தட்டுகள் வழுக்கின, பொங்கல் பானை உருண்டது. விளக்கு ஓரத்துக்குப் போய் அங்கேயே நின்றது. நான் மூச்சு விடவில்லை. கீழே குழந்தைகள் அலறின. கம்பிக்கு வெளியே கடல் எங்கள் காலடிவரை ஏறி வந்துவிட்ட மாதிரி இருந்தது.

"உக்காருங்க! யாரும் இந்தப் பக்கம் ஓடி வராதிய, இருந்த எடத்துல உக்காருங்க! தவந்து நடுவுக்கு வாங்க!" டெரன்ஸின் குரல். கப்பலில் அவர் எப்படிக் கத்துவார் என்று இத்தனை வருஷத்தில் இன்றுதான் கேட்டேன்.

உட்கார்ந்தார்கள். தவழ்ந்தார்கள். படகு யோசித்தது. பிறகு, மெதுவாக, மிக மெதுவாக, வந்தது.

ரயில் போய்ச் சேர்ந்துவிட்டது. அதை யாருமே பார்க்கவில்லை.

தேவநாதன் பட்டு வேட்டியோடு தரையில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கறுப்புக் கல்லை உள்ளங்கையால் தடவினார். "கடப்பாரை எங்க கிடைக்கும் கேப்டன்?" என்று கேட்டார்.

ஜனவரி 15

அண்ணாச்சி ஊரிலிருந்து பஸ் ஏறி, ஆட்களோடு வந்துவிட்டார். என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரே வார்த்தையை இரண்டு பேரும் அவரவர் இஷ்டத்துக்குக் கேட்டுக்கொண்டோம், யார் யாரைத் திட்டுவது? நாள் முழுக்கக் கல்லைப் பெயர்த்துப் பெயர்த்துச் சின்னப் படகில் ஏற்றிக் கரைக்கு அனுப்பினார்கள். கடைசிப் பலகை இறங்கியதும் சிவப்புப் பட்டை பழையபடி பட்டையாகத் தெரிந்தது. இருந்த எடையை மாற்றி மாற்றி வைத்து இன்னொரு தடவை சாய்வுச் சோதனை செய்தேன். என் கணக்கு வந்தது. மறுபடியும் செய்தேன். மறுபடியும் வந்தது.

லாட்ஜில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். வேப்பிலை டெரன்ஸ் கொண்டுவந்தார். வீட்டில் தினமும் எங்கே பறித்தார் என்று கேட்டேன். நம் வீட்டுப் பின்னால் மரம் இருப்பதே உனக்குத் தெரியாதா என்றார்.

"ஏன் இந்தப் படகை ஒத்துக்கிட்டீங்க?"

"நீ போட்ட கணக்குல ஒரு நாளாவது போய்ப் பாக்கணும்னு இருந்துச்சு. கேட்டா விடமாட்ட."

ஜனவரி 17

பாலம் திறந்தது. தாண்டிவிட்டோம். ஆமாம், தாண்டிவிட்டோம். கணக்குப் போட்டவள் கரையில் நின்று டாட்டா காட்ட முடியாது என்று நானும் ஏறிவிட்டேன். வீட்டுச் சட்டம் இரண்டு பேராலும் மீறப்பட்டது.

எழுத்து கோணலாகப் போகிறது. வாடைக் காற்று, அலை விலாவில் அறைகிறது. மேலே மொட்டைத் தரை, ஒட்டுப் பசையின் அசிங்கமான வடு. படகு உதறுகிறது, வெடுக்கென்று சாய்ந்து வெடுக்கென்று திரும்புகிறது. ஆட்கள் இரண்டு பேர் படுத்துவிட்டார்கள். தேவநாதன் போனில், எப்படி ஆடுது கேப்டன் என்று கேட்டார் போலிருக்கிறது. "கேவலமா ஆடுது சார். ரொம்ப நல்லா இருக்கு" என்றார் டெரன்ஸ்.

கிழிந்த காலர் சட்டைதான் இன்றும். சக்கரத்தை விடாமல் திரும்பி, சுவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஜெனோ, சுக்குக் காப்பி இருக்கு, குடிக்கியா?" குடித்தால் வயிற்றில் நிற்காது என்றேன். குடித்தேன். நிற்கவில்லை.

கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, வயிற்றில் இருந்ததையெல்லாம் கடலுக்குக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தேன். எனக்கு முன்னாலேயே படகு நிமிர்ந்திருந்தது.